ஹவுளில் விட்ட பெட்டிமீன்

எங்களூர்க் கடலில் அந்த மீனுக்குப் பெயர் கிடையாது. கறிக்கு உதவுகிற மீன் என்றால் எங்கள் ஆட்கள் குஞ்சாக இருக்கும்போது ஒரு பெயரும் வளர்ந்த பிறகு வேறொரு பெயருமாக வைத்துக் கொண்டாடுவார்கள். உதவாத மீனுக்கு யார் மினக்கெட்டுப் பெயர் வைப்பது? வலையில் வந்தால் காலால் தள்ளிவிடுவார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளாகிய நாங்கள்தான் அதைப் பெட்டிமீன் என்று சொல்லிக்கொண்டோம். உடம்பு சின்னப் பெட்டி மாதிரி நான்கு மூலையும் எடுப்பாக இருக்கும். முட்டைக் கருவின் மஞ்சள். அந்த மஞ்சள் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். இத்தனை அழகை ஆண்டவன் எதற்காக ஓர் உதவாத மீனுக்குக் கொடுத்தான் என்று ஏழு வயதில் நான் யோசித்ததுண்டு.

அந்த மீனை நான் ஒரே ஒரு தடவைதான் கையில் எடுத்தேன். அதனால் ஒரு மனிதர் எங்கள் பள்ளிவாசலை விட்டு வெளியேற்றப்பட்டார். வெளியேற்றியவர்களில் என் வாப்பாவும் ஒருவர். சாட்சி சொன்னது நான்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. கல்முனைக்குத் தெற்கே, பள்ளிவாசலின் பின்வாசலைத் திறந்தால் கடற்கரை மணல் காலில் படுகிற ஊர் எங்களுடையது. வாப்பா கரைவலை முதலாளி. அதோடு பள்ளிவாசலின் ஏழு மரைக்கார்மாரில் ஒருவர். மரைக்கார் என்றால் என்ன என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடி உண்டு, குலம் மாதிரி. அது உம்மா வழியாக வருவது. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் இருப்பார். கல்யாணமோ, வேலிச் சண்டையோ, களவோ, எதுவானாலும் பள்ளியில் வைத்துத்தான் விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவனுக்காக அவனுடைய குடி மரைக்கார் எழுந்து கதைப்பார். மரைக்கார்மார் ஒருவரோடொருவர் வாதாடி, தேத்தண்ணி குடித்து, கடைசியில் ஒரு மாதிரியாகச் சமாதானமாகிவிடுவார்கள். எத்தனை பெரிய கள்ளனானாலும் அவனுக்காகக் கதைக்க ஒரு வாய் இருந்தது.

எங்கள் மோதினாருக்கு அது இருக்கவில்லை. பாங்கு சொல்வதும் பள்ளிவாசலைக் கூட்டித் துடைப்பதும் அவருடைய வேலை. அவர் அக்கரைக்காரர், இந்தியாவின் ஏதோ ஒரு கரையூரில் பிறந்தவர். நான் பிறந்த காலத்தில் ஒரு தோணியில் வந்து இறங்கியிருக்கிறார். காய்ச்சலோடு மணலில் கிடந்தவரை வாப்பாவின் வலைக்காரர்கள் கண்டு தூக்கி வர, வாப்பாதான் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். குரல் நன்றாக இருந்ததால் காய்ச்சல் மாறியதும் பாங்கு சொல்ல வைத்துவிட்டார்கள். அவரிடம் ஒரு கடதாசியும் இல்லை. அந்தக் காலத்தில் அப்படி வந்தவர்களைக் கள்ளத்தோணி என்று பொலிஸ் பிடித்துக் கொழும்புக்கு அனுப்பும். ஆனால் பள்ளிவாசலுக்குள் இருந்தவரை அவரை எவரும் ஒன்றும் கேட்கவில்லை. அரசாங்கத்துக்கு ஊர்ப் பொறுப்பாக இருந்த விதானையார் அவரைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார். அதே விதானையார்தான் அவருடைய பாங்கு கேட்ட பிறகே நோன்பு துறப்பார்.

நாங்கள் பிள்ளைகள் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. நாங்கள் 'ஓம்' என்கிற இடத்தில் அவர் 'ஆமா' என்பார். அதைக் கேட்பதற்காகவே, இது பள்ளிதானா, இன்றைக்கு வெள்ளிக்கிழமைதானா என்று போய்ப் போய்க் கேட்போம். அவர் ஒவ்வொரு தடவையும் பொறுமையாக 'ஆமா புள்ளே' என்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். கேலி செய்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கும்.

அவருக்கென்று சொல்ல இருந்தது ஹவுள் ஒன்றுதான். தொழவருகிறவர்கள் முகம் கை கால் கழுவி வுளூச் செய்கிற தண்ணீர்த் தொட்டி அது, நான்கு பக்கமும் படி வைத்துக் கட்டியது. மலேரியா கொண்டுவருகிற நுளம்பின் குஞ்சுகளைத் தின்னட்டும் என்று இறக்காமம் குளத்திலிருந்து பானையில் மீன் கொண்டுவந்து அதில் விட்டிருந்தார்கள். ஆட்கள் படியில் இருந்து முகம் கழுவும்போது அவை வந்து விரலைத் தொட்டுப் பார்க்கும். பள்ளி மீனை எவரும் பிடிக்கக்கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. தன் பங்குச் சோற்றில் மிச்சம் வைத்து அவற்றுக்குப் போடுவது மோதினாரின் வழக்கம். ஒவ்வொரு மீனையும் அவருக்கு அடையாளம் தெரியும் என்று சொல்வார்கள்.

அன்றைக்கு வியாழக்கிழமை. கச்சான் காற்று வீசுகிற காலம், கடல் அமைதியாகக் கிடக்கும். பின்னேரம் வாப்பாவுக்குத் தேத்தண்ணிப் போத்தல் கொண்டு கடற்கரைக்குப் போனேன். வலை கரையேறியிருந்தது. குவிந்து கிடந்த சாளை மீனுக்கு நடுவில் மஞ்சளாய் ஒரு துண்டு துள்ளியது. வாப்பா அதைக் கால் பெருவிரலால் ஒதுக்கி விட்டார்.

"கறிக்கும் ஆகா, காயப்போடவும் ஆகா. கடல்ல வீசு புள்ள."

நான் வீசவில்லை. பக்கத்தில் கிடந்த தேங்காய்ச் சிரட்டையில் கடல் தண்ணீர் மொண்டு அதற்குள் விட்டேன். என் பெருவிரல் அளவுதான் இருக்கும். குவிந்த சின்ன வாய். உடம்பு அசையாமல் இருக்க, விசிறி மாதிரிச் சின்னச் செட்டைகள் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தன. கண் ஒன்று சுழன்று என்னைப் பார்த்தது. என் வாழ்நாளில் அதற்கு முன்போ பின்போ எந்தப் பொருள்மீதும் எனக்கு அப்படி ஓர் ஆசை வந்ததில்லை. சிரட்டை கையில் வழுக்கியதால் என் தலையில் கட்டியிருந்த சிவப்பு ரிபனை அவிழ்த்து, சிரட்டையைச் சுற்றிக் கட்டிப் பிடியாக்கிக்கொண்டேன். அந்த ரிபன் பெருநாளுக்கு வாப்பா கல்முனைக் கடையில் வாங்கித் தந்தது. எங்கள் தெருவில் வேறு எவளிடமும் அப்படி ஒன்று இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருந்தேன்.

வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. போன மாதம் நான் வளர்த்த நண்டை உம்மா கோழிக்குப் போட்டிருந்தா. குர்ஆன் ஓதப் போகிற நேரமும் வந்துவிட்டது. பள்ளிவாசலின் பக்கத்துக் கொட்டிலில் எங்களுக்கு ஓதிக்கொடுக்கும் லெப்பையிடம் பிந்திப் போனால் பிரம்படி. சிரட்டையைச் சட்டை மடிப்பில் மறைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குள் போனேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காக வியாழக்கிழமைகளில் மோதினார் ஹவுளை இறைத்துக் கழுவி நிரப்புவார். அன்றைக்கும் தண்ணீரை இறைத்து முழங்காலளவுக்குக் கொண்டுவந்திருந்தார். மீன்களெல்லாம் அந்தக் கொஞ்சத் தண்ணீரில் முதுகு தெரிய நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. அவர் படியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"மோதின் மாமா, பள்ளி மீனை ஆரும் புடிக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க புள்ளே."

"வேற மீன் ஒண்டு இதுக்குள்ள வந்தா? அதையும் புடிக்க மாட்டாங்களா?"

அவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "இங்க வந்து சேந்துட்டா அதுவும் பள்ளி மீனுதான். யாரு தொடுவாங்க?"

அது போதுமாக இருந்தது எனக்கு. அவர் எழுந்து துலாவை இழுக்கக் கிணற்றடிக்குப் போனதும் நான் படியில் இறங்கிச் சிரட்டையைத் தண்ணீரில் சாய்த்தேன். பெட்டிமீன் ஒரு தரம் சுழன்றது. பிறகு நேரே போய் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டது. குளத்து மீன்கள் விலகி வழிவிட்டன. இனி ஒவ்வொரு நாளும் ஓத வரும்போது பார்க்கலாம் என்ற சந்தோஷத்தில் சிரட்டையைப் படியிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

கடல் மீனுக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் ஆகாது என்பது மீன்காரர் மகளுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்த மீனெல்லாம் செத்து வந்த மீன். உயிரோடு ஒரு மீனுக்கு என்ன வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் கதைத்து நான் கேட்டதில்லை. பள்ளித் தண்ணீர் எல்லாத் தண்ணீரிலும் சுத்தமானது என்று மட்டும் சொல்லித் தந்திருந்தார்கள்.

கொட்டிலில் எனக்கு ஓரத்து இடம். கிடுகு மறைப்பின் இடைவெளியால் ஹவுள் தெரியும். கொஞ்ச நேரத்தில் மோதினார் ஹவுளைக் குனிந்து பார்ப்பது தெரிந்தது. நெடுநேரம் பார்த்தார். படியிலிருந்து எதையோ எடுத்தார். கொட்டில் பக்கமாகத் திரும்பினார். நான் கிதாபுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தமாக ஓதினேன். மறுபடி தலையைத் தூக்கியபோது அவர் தண்ணீர் அள்ளுகிற வெறும் தகரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார். பின்பக்கத்தில் இரண்டு இருந்தன: ஒன்று கடற்கரைக்குத் திறக்கும் பின்வாசல், மற்றது சாமான் அறை. அந்தக் கிழமை ஊருக்குள் நுளம்பு மருந்து அடிக்க வந்திருந்தவர்கள் தங்கள் மருந்துப் பொதிகளை அந்தச் சாமான் அறையில்தான் வைத்திருந்தார்கள்.

அவர் திரும்பி வந்தபோது தகரம் கனத்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். ஹவுள் படியில் குந்தி, தகரத்தைத் தண்ணீரை நோக்கிச் சாய்த்தார். அவ்வளவுதான் நான் கண்டது. லெப்பையின் பிரம்பு என் முன்னால் தட்டியதும் கிதாபைப் பார்த்தேன். ஓதல் கலைந்ததும் மற்றப் பிள்ளைகளோடு முன்வாசலால் வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

அன்றைக்கு அந்தி நேரத்து மஃரிபுக்குப் பாங்கு பிந்தியது. உம்மா விளக்கை ஏற்றிவிட்டு வாசலில் வந்து நின்று காது கொடுத்தா. பக்கத்து வீட்டிலும் வந்து நின்றார்கள். கடைசியில் கேட்ட பாங்கு மோதினாரின் குரலில்லை. வாப்பா சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாகப் போனார்.

திரும்பி வந்து அவர் உம்மாவிடம் சொன்னதை நானும் கேட்டேன். ஹவுளில் ஒரு மீன் மிச்சமில்லை. எல்லாம் வயிற்றை மேலே காட்டி மிதக்கின்றன. அந்தி இருட்டில் அது தெரியாமல் வயசாளி ஒருவர் அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டார். அவரை உப்புக்கரைசல் குடிக்க வைத்து வாந்தியெடுக்கச் செய்து வீட்டுக்குத் தூக்கிப்போயிருக்கிறார்கள். (அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகும் இருபது வருடம் இருந்து, அந்தக் கதையை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார்.) சாமான் அறையில் ஒரு மருந்துப் பொதி வாய் திறந்து கிடந்ததாம். சாவி மோதினாரிடம்தான் இருந்ததாம்.

வாப்பா என்னைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டார். அவர் குரல் மெதுவாக இருந்தது.

"நீ ஓதக்குள்ள மோதினைக் கண்டயா புள்ள? என்ன செஞ்சிட்டிருந்தார்?"

"கண்டன் வாப்பா. பின்பக்கத்தால தகரம் கொண்டு வந்து ஹவுளுக்குள்ள ஊத்தினார்."

சாய்த்தார் என்பதை ஊத்தினார் என்று சொன்னேன். ஏழு வயதில் அவை இரண்டும் எனக்கு ஒன்றுதான். வாப்பா என்னை மடியிலிருந்து இறக்கி முன்னால் நிறுத்தினார். பிறகு, வடிவாக யோசித்துச் சொல்லும்படி கேட்டார். நான் மறுபடியும் அதையே சொன்னேன். என் புள்ள பொய் சொல்லாது என்றா உம்மா, கொஞ்சம் பெருமையோடு.

மீன் விட்ட கதையை நான் சொல்லவில்லை. அடி விழும் என்ற பயம் ஒரு காரணம். மற்றக் காரணம், அதை எவரும் கேட்கவில்லை. அன்றைக்கு என் மனதில் இருந்தது வேறு. என் மஞ்சள் மீனும் செத்துவிட்டதே! யாரும் தொடமாட்டார்கள் என்று சிரித்துக்கொண்டு சொன்ன மனிதர், நான் அந்தப் பக்கம் போனதும் மருந்தை ஊற்றி என் மீனைக் கொன்றுவிட்டார். பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு அழுதேன். பள்ளி மீன்களுக்காகப் பிள்ளை அழுகிறது என்று உம்மா தலையைத் தடவினா. நான் மோதினாரை முழு மனதோடு வெறுத்தேன். அப்படி ஒரு வெறுப்பு அதற்குப் பிறகு எனக்கு வந்தது என்மீதுதான்.

மறுநாள் ஜும்ஆ முடிந்து விசாரணை. பெண்களுக்கு அங்கே இடமில்லை, நான் சின்னப் பிள்ளை என்பதால் வாப்பா கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். ஏழு மரைக்கார்மாரும் பாயில் வரிசையாக இருந்தார்கள். ஆட்கள் வாசல்வரைக்கும் நின்றார்கள். மோதினார் நடுவில் தனியாக இருந்தார். அவருக்கு முன்னால் அந்தத் தகரம். அதற்குள் ஒரு சாண் தண்ணீர், தண்ணீரில் என் பெட்டிமீன். மஞ்சள் வெளிறி, பழைய துணி மாதிரிக் கிடந்தது. சிரட்டையைக் காணவில்லை. சிவப்பு ரிபன் கட்டிய சிரட்டையை எவராவது கொண்டுவந்து காட்டுவார்களோ என்று வழி முழுக்கப் பயந்துகொண்டு வந்தவள் நான். அது அங்கே இல்லையென்றதும் எனக்கு மூச்சு வந்தது.

தகரத்தில் என்ன கொண்டுவந்தாய் என்று தலைமை மரைக்கார் கேட்டார்.

"கடல் தண்ணிங்க. அந்த மீனு உள்ள கெடந்துச்சு. நல்ல தண்ணியில செத்துப்போகுமேன்னு தகரத்தைச் சாய்ச்சு அதைப் புடிச்சு வைக்கக் கொண்டாந்தேன்."

கூட்டத்தில் சிரித்தார்கள். கடற்கரையில் ஆயிரமாயிரம் மீன் செத்துக் கிடக்கிற ஊரில், கறிக்கு உதவாத விரலளவு மீனைக் காப்பாற்ற ஒருவன் கடலுக்கு ஓடினான் என்றால் யார் நம்புவார்கள்? மற்ற மீன்களெல்லாம் அப்போது எப்படி இருந்தன என்று கேட்டார்கள். நன்றாகத்தான் இருந்தன, தான் கடலுக்குப் போய் வருவதற்குள் ஒவ்வொன்றாக வாயைத் திறக்கத் தொடங்கிவிட்டன, ஏனென்று தனக்கு விளங்கவில்லை என்றார். மருந்து வாடை அடிக்கிறதா என்று அந்தத் தகரத்தை மணந்து பார்க்கச் சொன்னார். எவரும் மணந்து பார்க்கவில்லை.

பிறகு வாப்பா என்னை முன்னால் விட்டார். கண்டதைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பின்பக்கத்தால் தகரம் கொண்டுவந்தார், ஹவுளுக்குள் ஊத்தினார். என் குரல் தெளிவாக இருந்தது. ஓதும்போது லெப்பை பாராட்டுகிற குரல் அது.

தலைமை மரைக்கார் கடைசியாக ஒன்று கேட்டார். அந்தக் கடல் மீன் ஹவுளுக்குள் எப்படி வந்தது? அதற்கு நடந்து வரக் கால் இல்லையே. ஆர் கொண்டுவந்து போட்டது?

மோதினார் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். கோபமாகவெல்லாம் பார்க்கவில்லை. என் தலையை, ரிபன் இல்லாமல் வெறும் நூலால் கட்டியிருந்த பின்னலை, கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாப்பாவைப் பார்த்தார். பிறகு பாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தெரியலைங்க."

அவருக்குத் தெரியாது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

வழக்கப்படி அடுத்தது அவருடைய குடி மரைக்கார் எழுந்து கதைக்க வேண்டும். தலைமை மரைக்காரும் பழக்கதோஷத்தில், "இவருக்கு ஆர் கதைக்கிற?" என்று கேட்டுவிட்டார். ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அக்கரையில் பிறந்தவருக்கு இங்கே ஏது குடி? அவரைக் கரையிலிருந்து கொண்டுவந்தவர் என்ற முறையில் வாப்பா கதைத்திருக்கலாம். எல்லோரும் வாப்பாவைத்தான் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். வாப்பா என் தோளில் வைத்த கையை எடுக்கவேயில்லை. சாட்சி சொன்னது அவருடைய மகள். அவர் வாயைத் திறந்தால் அவருடைய மகள் பொய்க்காரி. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பின்னேர அஸர் தொழுகைக்கு முன் போய்விட வேண்டும் என்று தீர்ந்தது. பொலிசுக்குச் சொல்லப்போவதில்லை என்றார்கள், அதைப் பெரிய தயவாகச் சொன்னார்கள். பள்ளிவாசலுக்கு வெளியே கால் வைத்தால் யாரும் சொல்லத் தேவையில்லை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் ஒரு தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வடக்கே மட்டக்களப்பு றோட்டால் போனார். நாங்கள் பிள்ளைகள் கொஞ்சத் தூரம் பின்னால் போனோம். ஒருவன் அவரைப் போலவே 'ஆமா புள்ளே, ஆமா புள்ளே' என்று கத்தினான். நானும் கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாளில் மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் அவரைப் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. வாப்பா ஒரு தடவை பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போய்வந்தார். அதற்குள் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்களாம். வந்த அன்று வாப்பா சாப்பிடவில்லை. அடுத்த வருடம் மரைக்கார் பொறுப்பைத் தன் மச்சானுக்கு விட்டுக்கொடுத்தார். உடம்புக்கு முடியவில்லை என்று காரணம் சொன்னார். அந்த உடம்போடுதான் அதற்குப் பிறகும் பல வருடம் வலை இழுத்தார்.

ஒன்றரை வருடம் போல் கழித்துப் பள்ளிவாசல் விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது, அக்கரை முத்திரையோடு. பெண்பிள்ளையின் எழுத்து. எங்கள் அத்தா பள்ளியில் பாங்கு சொல்வதாக எழுதிக்கொண்டிருந்தார், இப்போது கடிதமே இல்லை, சுகமாக இருக்கிறாரா என்று கேட்டிருந்தாள். அப்படியானால் அவர் ஊர் போய்ச் சேரவில்லை. வாப்பா அதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு மடித்து அலுமாரியில் வைத்தார். பதில் எழுதவில்லை. என்னவென்று எழுதுவது? வாப்பா மவுத்தான பிறகு அலுமாரியைத் துப்புரவாக்கிய நான்தான் அதை எடுத்தேன். இன்றும் என்னிடம் இருக்கிறது. நானும் பதில் எழுதவில்லை.

வளர்ந்த பிறகு பல காலம் எனக்கு நானே ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மருந்துப் பொதி திறந்துதானே கிடந்தது? அவர் தெரியாத்தனமாக ஏதாவது செய்திருக்கலாம். நான் கண்டதைத்தானே சொன்னேன்? பெருவிரலளவு மீன் ஒரு ஹவுள் மீனையா கொல்லும்? இப்படிச் சொல்லிச் சொல்லி என்னை நானே தேற்றிக்கொண்டு கல்யாணம் முடித்தேன், பிள்ளை பெற்றேன்.

என் மகன் திருகோணமலைப் பக்கத்தில் சுழியோடுகிற வெள்ளைக்காரர்களைப் படகில் கூட்டிப்போகிற வேலை செய்கிறான். சில வருடங்களுக்கு முன் பெருநாளுக்கு வந்திருந்தபோது, கல்லிடுக்குகளில் எடுத்த படங்களைப் போனில் காட்டினான். ஒன்றில் என் பெட்டிமீன் இருந்தது. அதே மஞ்சள், அதே புள்ளிகள், அதே சுழன்ற கண். இதைக் காணக் கிடைத்தால் வெள்ளைக்காரர் படகு ஏறும்வரை சிரித்துக்கொண்டே இருப்பார்களாம். வீட்டுத் தொட்டியில் இதை வளர்க்கலாமா என்று சும்மா கேட்டேன்.

"ஐயோ உம்மா, பயந்தா உடம்பால நஞ்சு விடும் அது. சின்னத் தொட்டியெண்டா மத்த மீனெல்லாம் செத்துரும். கடைசியில தானும் செத்துரும்."

எவ்வளவு நேரத்தில் என்று கேட்டேன். கொஞ்ச நேரம்தான் என்றான். முழங்காலளவுத் தண்ணீரையும், முதுகு தெரிய நெருங்கிக் கிடந்த மீன்களையும் நினைத்துக்கொண்டு போனை அவனிடம் கொடுத்தேன். பிறகு அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பெருநாள் அன்று உம்மா ஏன் அழுகிறா என்று அவனுக்கு விளங்கவில்லை. நான் சொல்லவுமில்லை.

மருந்துப் பொதியை அடிக்க வந்தவர்களே திறந்தபடி விட்டுப் போயிருப்பார்கள். மீனின் நஞ்சு அன்றைக்கு எவருக்கும் தெரியாது, மோதினாருக்கும் தெரியாது. அதை ஒரு ஏழு வயதுப் பிள்ளை அறியாமல் போனது குற்றமில்லை என்று ஆண்டவனிடம் என்னால் வாதாட முடியும். மற்றதற்குத்தான் என்னிடம் வார்த்தை இல்லை. அன்று படியிலிருந்து அவர் எடுத்தது என் சிரட்டை. ரிபனோடு அதைக் கொண்டுவந்து பாயில் வைத்திருந்தால், மீன் போட்டது மரைக்காரின் மகள் என்று ஏழு பேருக்கும் தெரிந்திருக்கும். அவர் சொன்னதையும் நம்பியிருப்பார்கள், அவரும் அங்கேயே பாங்கு சொல்லிக்கொண்டு இருந்திருப்பார். எனக்குக் கிடைத்திருக்கக்கூடியது நாலு பிரம்படி. சிரட்டையை அவர் கடலில் எறிந்தாரோ, தகரப் பெட்டிக்குள் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு போனாரோ, எனக்குத் தெரியாது. அன்று நான் நினைத்ததெல்லாம், யாரோ குப்பையோடு கூட்டித் தள்ளியிருப்பார்கள், நான் தப்பித்துக்கொண்டேன், பெருநாள் ரிபன்தான் போய்விட்டது என்று மட்டும்தான்.